அரை இஞ்ச்காரர் அறுத்த மீன்

என் அக்கா வீட்டுக்காரர் தையல்காரர். கடைத்தெருவில் அவருக்கு 'அரை இஞ்ச்' என்று பெயர். யார் எவ்வளவு கச்சிதமாகத் தைக்கச் சொன்னாலும், தையலுக்கு உள்ளே அரை இஞ்ச் துணியை மடித்து விட்டுவிடுவார். "நாளைக்கு உடம்பு போட்டா பிரிச்சு விட்டுக்கலாம்ல" என்பார். கல்யாணக் கோட்டுக்கு அளவு கொடுக்க வந்த மாப்பிள்ளையிடமே இதைச் சொன்னார். அந்தப் பையன் முகம் போன போக்கை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மற்றபடி நல்ல மனுஷன்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு. காலையிலேயே தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு மேலே இருக்கிற ஓடைக்குப் போய்விடுவார். அந்தப் பனித் தண்ணீரில் முழங்கால் வரைக்கும் நின்று ட்ரவுட் மீன் பிடிப்பார். பிடித்ததைக் கொண்டுவந்து கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரர் கையில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு மாடி ஏறுவார்.

காரணம் அக்கா. பதினோரு வருஷத்துக்கு முன்னால் இவர் பொரித்துக் கொடுத்த மீனில் ஒரு முள் அவள் தொண்டையில் சிக்கி, ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் எடுத்தார்கள். அன்றோடு சரி. மீன் என்றால் உயிரை விடுகிறவள், மீன் வாசலைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டாள். லாபம் மருந்துக்கடைக்காரருக்கு. கரும்பு தின்னக் கூலியா? வாராவாரம் தின்று தின்று ஆள் பெருத்துவிட்டார். அவருடைய சட்டைகளை அத்தான்தான் பிரித்துப் பிரித்து விட்டுக்கொண்டிருந்தார். அந்த அரை இஞ்ச் நிஜமாகவே உபயோகப்பட்டது அவர் ஒருவருக்குத்தான்.

அத்தானுக்கு வேறு ஆசையே கிடையாது. தான் பிடித்த மீனை அக்கா ஒரு வாய் சாப்பிட வேண்டும். ஊருக்கெல்லாம் வாய் ஓயாமல் பேசுகிறவருக்கு, இதை மட்டும் அவளிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. என்னிடம்தான் புலம்புவார். நான் பஸ் ஓட்டுகிறவன், கல்யாணம் ஆகாதவன், ஞாயிறு மதியம் அக்கா வீட்டில் சாப்பிடுகிறவன். சாப்பாட்டுக்கு விலையாகப் புலம்பலைக் கேட்டுத்தானே ஆக வேண்டும்.

போன ஞாயிறு மருந்துக்கடைக்காரர் தன் மகளைப் பார்க்கப் போய்விட்டார். கதவில் பூட்டு. அத்தான் இரண்டு மீனோடு மாடி வாசலில் வந்து நின்றார், ஹெட்மாஸ்டர் ரூமுக்கு வெளியே நிற்கிற பையன் மாதிரி.

"தூக்கிப் போட மனசு வரலம்மா" என்றார்.

அக்கா மீனைப் பார்த்தாள். முதுகு பூராவும் புள்ளி, பக்கவாட்டில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. அவள் தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியதை நான் கவனித்தேன்.

"முள்ளே இல்லாம எடுத்துத் தர்றேன். ஒரு முள் இருந்தா என் பேரை மாத்திக்கிறேன்" என்று ஆரம்பித்தார் அத்தான். நுணலும் தன் வாயால் கெடும்.

"பேரு கிடக்கட்டும். யார் தட்டுல ஒரே ஒரு முள் வந்தாலும் அந்தத் தூண்டில் பழைய சாமான் கடைக்குப் போயிடணும். சம்மதமா?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"சம்மதம்" என்றார்.

சமையலறை மேடையில் பேப்பரை விரித்தார். ட்ரவுட்டுக்குச் செதில் சீவுகிற வேலை இல்லை, வழவழப்புதான் அதிகம். உப்பைத் தேய்த்துக் கழுவி, வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து, முதுகெலும்பை ஒட்டி ஓடும் கறுத்த ரத்தத்தைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். பிறகு பழக்க தோஷத்தில் காதுக்கு மேலே கையை விட்டுச் சாக்கட்டியைத் தேடினார்.

"கோடு போட்டுத்தான் வெட்டுவீங்களா அத்தான்?"

"சும்மா இரு மச்சான்."

வேலை சுத்தம். செவுளுக்குப் பின்னால் கத்தியை வைத்து எலும்பு தட்டுகிற வரைக்கும் இறக்கினார். கத்தியைப் படுக்க வைத்து, முதுகெலும்பின் மேலேயே வால் வரைக்கும் ஒரே இழுப்பு. ஒரு பக்கத்துச் சதை முழுசாகக் கையோடு வந்தது. இரண்டு மீனுக்கு நாலு துண்டு. விலா முள்ளைச் சீவி எடுத்தார். சதைக்குள் ஒளிந்திருக்கும் முட்களை விரலால் தடவிக் கண்டுபிடித்து, நூல் பிரிக்கிற இடுக்கியால் தலைப்பக்கமாகச் சாய்த்து ஒவ்வொன்றாக உருவினார். அக்கா ஹாலில் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் நான் துண்டுகளைப் பார்த்தேன். துடுப்பு முளைக்கிற ஓரத்தை ஒட்ட வெட்டித் தள்ள வேண்டும். பொடி முள் இருப்பது அங்கேதான். அத்தானின் கை நாலு துண்டிலும், மேலேயும் கீழேயும், அளவெடுத்தது போல அரை இஞ்ச் விட்டிருந்தது.

"ஏன் அத்தான், இந்த மீன் நாளைக்கு உடம்பு போடுமா? பிரிச்சு விடணுமா?"

அவர் தன் கையையே முறைத்துப் பார்த்தார். முப்பது வருஷப் பழக்கம் கேட்டுக்கொண்டா வருகிறது? அக்காவுக்கான இரண்டு துண்டையும் எடுத்து, ஓரத்தை ஒட்ட நறுக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, விரலால் தடவி, மறுபடியும் தடவினார். எங்கள் இரண்டு துண்டைத் தொடவில்லை.

"நம்ம ரெண்டு பேரும் பாத்து சாப்பிட்டுக்கலாம். நல்ல சதையை எதுக்கு வீணாக்கணும்?"

துண்டுகளை ஈரம் போகத் துடைத்து, உப்பும் மிளகும் தூவி, வெண்ணெய் உருகிய தோசைக்கல்லில் தோல் கீழே இருக்கும்படி போட்டார். ஓரம் சுருளாமல் இருக்கக் கரண்டியால் அமுக்கிக்கொண்டே நின்றார். தோல் மொறுமொறுப்பானதும் திருப்பிப் போட்டு, முப்பது எண்ணி இறக்கி, எலுமிச்சையைப் பிழிந்தார். அந்த வாசனைக்கு அக்கா தானாகவே மேஜைக்கு வந்துவிட்டாள். கூப்பிடவே இல்லை.

முதல் வாயை நாக்கில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தாள். மென்றாள். விழுங்கினாள். இன்னொரு வாய். அத்தான் அவள் வாயையே பார்த்துக்கொண்டு, தன் கை எதை எடுத்துத் தன் வாயில் போடுகிறது என்பதை மறந்துவிட்டார். நான் என் துண்டின் ஓரத்தைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டேன். அவர் ஒதுக்கவில்லை.

திடீரென்று அவர் மெல்லுவது நின்றது. திருடனுக்குத் தேள் கொட்டியது போல உட்கார்ந்திருந்தார். இருமினால் தூண்டில் போச்சு. முகம் சிவந்தது, கண்ணில் தண்ணீர் கோத்தது.

"என்னங்க கண்ல தண்ணி?"

"கா... காரம்."

"மிளகு கொஞ்சம்தானே போட்டீங்க?"

அவர் தலையை மேலும் கீழும் ஆட்டினார், பக்கவாட்டிலும் ஆட்டினார். என்னால் அடக்க முடியவில்லை. மேஜையைத் தட்டிச் சிரித்துவிட்டேன்.

"சிரிக்காதேடா!"

அந்தக் குரலில் அக்கா என்னை ஒருநாளும் அதட்டியதில்லை. எழுந்து போய் அவரைக் குனிய வைத்து, முதுகில் இரண்டு போடு போட்டாள். "இருமுங்க. நல்லா இருமுங்க." அவர் இருமினார். முள் தட்டில் விழுந்தது. கண் இமை முடி அளவுகூட இருக்காது.

தண்ணீரைக் குடித்துவிட்டுக் கரகரத்த குரலில், "பேசினபடி தூண்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்துடறேன்" என்றார்.

"அன்னிக்கு எனக்குச் சிக்கினப்ப நீங்க என்ன பண்ணீங்க?"

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன்."

"அதுக்கு முன்னாடி."

அத்தான் தட்டில் கிடந்த முள்ளை விரலால் நகர்த்தினார்.

"சிரிச்சீங்க. நான் மூச்சு முட்டி நிக்கிறேன், என் மூஞ்சியைப் பாத்து இவனை மாதிரியே சிரிச்சீங்க."

எனக்கு எங்காவது ஓடி ஒளிய வேண்டும்போல் இருந்தது. அத்தான் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தப்புதான்மா. நீ விளையாடறேன்னு நினைச்சுட்டேன். பதினோரு வருஷமா நீ முள்ளுக்குத்தான் பயப்படறேன்னு இருந்துட்டேன்."

அக்கா உட்கார்ந்து, அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். ஓரம் வெட்டாத அந்தத் துண்டை விரலால் பிரித்து, மூன்று முள்ளைப் பார்க்காமலேயே எடுத்துத் தட்டின் விளிம்பில் வைத்துவிட்டு, மீனை வாயில் போட்டுக்கொண்டாள்.

"முள்ளெடுத்துத் திங்க எனக்குத் தெரியாதா?" என்றாள். "நீங்க சிரிக்காம இருந்தா போதும்."