ஆற்றில் பூட்டாத துடுப்பு

ஆலைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் பெங்களூர் ஸ்ரீராம்புரத்து வீட்டின் முன்னறையில் கடைசல் வேலைக்குச் சிறிய லேத் ஒன்றையும், பொருளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளக் கனமான வைஸ் ஒன்றையும் நிறுவி, வருகிற சில்லறை வேலைகளைச் செய்துகொண்டிருந்தேன். நானும் என் மகளும் மட்டுமே இருந்த வீடு அது. கணினி நிறுவனமொன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்த அவள், ஞாயிறுதோறும் ஒரு குழுவினருடன் காவிரிக்குச் சென்று, இருவர் அமரும் திறந்த படகில் துடுப்புப் போடக் கற்றுவந்தாள். தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. ஒரு பெண் பிள்ளை இப்படி ஆற்றோடு போவதைப் பற்றித் தெருவில் பலவாறாகப் பேசினார்கள். நான் அவற்றைச் செவிமடுக்கவில்லை.

ஒருநாள் அவள் பழைய துடுப்பொன்றைக் கொண்டுவந்து என் முன் வைத்தாள். அடியில் பலகை, நடுவில் அலுமினியக் குழாய்த் தண்டு, உச்சியில் குறுக்குக் கைப்பிடி.

"இதை ரெண்டாப் பிரிச்சு, மறுபடியும் பூட்டற மாதிரி பண்ண முடியுமாப்பா? ஆத்து வேகத்துல இறங்கற ஒவ்வொரு படகுலயும் உபரித் துடுப்பு இருந்தே ஆகணும்னு எங்க லீடர் சொல்லிட்டார். முழுசா வெச்சா காலுக்குள்ள சிக்கும். ரெண்டாக்கினா சீட்டுக்கு அடியில கட்டிக்கலாம். அது இல்லேன்னா வர்ற வாரம் எங்க படகு கரையிலதான்."

பாறைகளுக்கிடையே நீர் நுரைத்துப் பாயும் அந்த வேகத்தில் இறங்குவதற்காகவே அவள் பல மாதங்கள் பழகியிருந்தாள். வாங்குவதென்றால் வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். நான் செய்கிறேன் என்றேன். அவள் கேட்காததையும் சேர்த்து, "வெளிநாட்டான் வந்து பார்த்துட்டுப் போகட்டும்" என்றும் சொன்னேன்.

தண்டை நடுவில் அறுத்தேன். உட்குழாய் ஒன்றைக் கடைந்து மேல்பாதியில் அறைந்து பொருத்தினேன். அதன் மறுமுனை கீழ்ப்பாதிக்குள் நுழைந்ததும், குடையில் இருப்பது போன்ற வில் பொத்தானொன்று துளையில் எழும்பிப் பூட்டிக்கொள்ளும். இழையளவும் இடைவெளி விடாமல் கடைந்தேன். கீழ்ப்பாதியை மரத்துண்டுகளுக்கிடையே வைஸில் இறுக்கி, மேல்பாதியை இரு கைகளாலும் அழுத்தித் திருகினால், 'டக்' என்ற ஒலியுடன் பூட்டும். ஆட்டிப் பார்த்தால் அசையாது. அவ்வொலியைக் கேட்பதற்காகவே வருவோர் போவோருக்கெல்லாம் செய்து காட்டினேன்.

எதிர்வீட்டு அம்மையார் வாசலில் நின்று, "என்னண்ணே, இவ்ளோ பெரிய கரண்டி? எந்தக் கல்யாணத்துக்கு?" என்றார்.

"ஆத்துக்கும்மா."

"ஆத்தையே கிண்டப் போறீங்களா? அப்ப உப்பு பார்த்துச் சொல்லுங்க."

அந்த ஞாயிறன்று நானும் அவர்களுடைய வேனில் சென்றேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. நானே வருவதாகச் சொன்னேன். குழுத் தலைவர் கன்னடக்காரர், என்னைவிட மிகவும் இளையவர், மரியாதை தெரிந்தவர். அமைதியான நீரில் படகில் அமர்ந்தபடியே உபரித் துடுப்பைப் பூட்டிக் காட்ட வேண்டும் என்பது அவர் வைத்த சோதனை. அவர் என் மகளைத்தான் பார்த்தார். நானோ முந்திக்கொண்டு, "செஞ்சவன் நான் இருக்கேனே" என்றேன்.

வெள்ளைச் சட்டையின்மேல் மிதவை அங்கியை மாட்டிவிட்டார்கள். கரையில் எல்லோரும் நின்றிருந்தனர். மகள் பின்னால் அமர்ந்து படகை நிலைப்படுத்த, நான் முன்னால் அமர்ந்து இரு துண்டுகளையும் கையிலெடுத்தேன். எடுத்த கணத்தில் என் இடக்கை தன்னையறியாமல் பக்கவாட்டில் சென்று எதையோ தேடியது. அது வைஸைத் தேடுகிறது என்பது சிறிது தாமதமாகவே எனக்கு விளங்கியது.

வீட்டில் ஒருமுறைகூட வைஸில்லாமல் நான் அதைப் பூட்டிப் பார்த்ததில்லை. ஈரக் கையில் அலுமினியம் வழுக்கியது. முழங்கால்களுக்கிடையே இடுக்கினேன், படகு சாய்ந்தது. உட்குழாய் பாதி நுழைந்து நின்றுவிட்டது; பொத்தான் துளைக்கு நேராக வரவில்லை, திருப்பவும் இயலவில்லை, வெளியே இழுக்கவும் இயலவில்லை.

"கமான் அங்கிள்" என்று கரையிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். மற்றவர்கள் கைதட்டினார்கள். என்னை ஊக்குவிப்பதற்காகத்தான் தட்டினார்கள். ஏளனம் செய்திருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும்.

"என்கிட்ட குடுங்கப்பா" என்று மகள் வாங்கி முயன்றாள். அவளுடைய உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம்.

தலைவர் இடுப்பளவு நீரில் நடந்துவந்து படகைப் பிடித்துக்கொண்டார். "வொர்க் ரொம்ப சென்னாகிதே சார்" என்று வேலைப்பாட்டை முதலில் புகழ்ந்துவிட்டுப் பிறகே, குரலைத் தாழ்த்தி, "இவத்து பேடா" என்றார். இன்று வேண்டாம் என்ற அந்தச் சொல் என் மகளுக்கானது. ஆனால் அதை அவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டியதாயிற்று.

மற்றப் படகுகள் புறப்பட்டு வளைவில் மறைந்தன. நாங்கள் இருவரும் பாறையில் அமர்ந்திருந்தோம்.

"நீ வேற யார் கூடயாவது போயிருக்கலாமேம்மா."

"இடம் இல்லப்பா" என்றாள். சித்ரான்னப் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் நகர்த்தினாள். தொலைவில் நீரின் இரைச்சலும், அதற்கு மேலாக அவர்களுடைய கூச்சலும் கேட்டுக்கொண்டிருந்தன. அவள் அந்தத் திசையைப் பாராதிருக்கப் பெரிதும் முயன்றாள்.

திரும்பும் வேனில், நனைந்த உடையோடு ஏறியவர்கள் வேகத்தில் நடந்ததைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்து, என்னைக் கண்டதும் பேச்சை மாற்றிக்கொண்டார்கள். பெங்களூர் வரும்வரை போக்குவரத்து நெரிசலைப் பற்றியே பேசினார்கள்.

மறுநாள் வைஸின்மேல் கோணியைப் போட்டு மூடிவிட்டு, தரையில் அமர்ந்தேன். உட்குழாயை எமரித் தாளால் தேய்த்தேன், முனையைச் சரிவாக்கினேன், துளைக்கு நேர் தெரியும்படி இரு பாதியிலும் கோடு கீறினேன். கைகளில் சோப்பு நுரையைப் பூசிக்கொண்டு பூட்டிப் பார்த்தேன். எளிதாகப் பூட்டியது. ஆனால் ஆட்டினால் கடகடத்தது. இப்படியொரு பொருத்தத்தை ஆலையில் எவனாவது கொண்டுவந்திருந்தால் தூக்கி எறிந்திருப்பேன். நானே என் வேலையைக் கெடுத்தால்தான் அது வேலைக்காகும் என்பதை ஏற்க என் கைகளுக்கு ஒரு வாரம் பிடித்தது.

அடுத்த பயணத்திற்கு மகள் அழைத்தாள். வீட்டுக்கு விருந்தாளி வருவதாகச் சொல்லித் தவிர்த்தேன்.

மாலையில் வெயிலில் கறுத்த முகத்துடன் வந்தாள். "உட்கார்ந்த இடத்துலயே பூட்டிட்டேன்பா. வேகத்துல இறங்கிட்டோம்."

"ஆடுதுன்னு யாராவது சொன்னாங்களா?"

"சொன்னாங்க. ஆடினா ஆடட்டும், கையில இருக்குதில்ல. சார் ஏன் வரலேன்னு லீடர் கேட்டார். வீட்டுக்கு விருந்தாளின்னு சொன்னேன்."

பேசிக்கொண்டே சமையலறைக்குள் சென்றாள். மேடைமேல் கழுவிக் கவிழ்த்திருந்தது ஒரே ஒரு தம்ளர். அவள் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் இன்னொரு தம்ளரை எடுத்து, அவள் முகத்தைப் பாராமல் காபி கலக்கத் தொடங்கினேன்.