ஒரு டக் போதும்

சாமான் விற்கிற தொழிலில் வாய்தான் சோறு போடும், மானத்தை வாங்குவதும் அதே வாய்தான். கடைக்கு ஏறி வந்த ஆளுக்கு ஃபேனைத் திருப்பி வைத்து, "வாங்க, என்ன பாக்குதீங்க?" என்று பல்லைக் காட்டிச் சம்பளம் வாங்கியவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் சும்மா சிரித்துவிட்டுப் போங்கள்.

நான் ஜெபராஜ். கோவில்பட்டியில் ஒரு டூல்ஸ் கடையில் சேல்ஸ்மேனாக இருந்தேன். ஸ்பேனர், ஜாக்கி, டிரில் எல்லாம் விற்போம். அதில் டார்க் ரெஞ்ச் என்று ஒன்று. நட்டைக் குறைவாக இறுக்கினால் கழன்றுவிடும், கூடுதலாக இறுக்கினால் ஒடிந்துவிடும். வேண்டிய அளவு வந்ததும் "போதும், நிறுத்து" என்று சொல்கிற ஸ்பேனர்தான் இது. இதில் ரெண்டு சாதி. மெக்கானிக்கல் ரெஞ்சில் கைப்பிடியைத் திருகி அளவை வைத்துக்கொண்டு இழுத்தால், அளவு வந்ததும் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். டிஜிட்டலில் சின்னத் திரையில் எண் ஓடும், அளவு வந்ததும் கீச்சென்று கத்தும். இரண்டில் எது நல்லது என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லி நான் பட்ட வெட்கம்தான் கீழே வருவது.

மூணு டக்

டிஜிட்டல் எங்கள் ஊருக்கு வருவதற்கு முந்தின கதை இது. பைபாஸ் பக்கம் லாரி பட்டறை வைத்திருந்த சங்கரபாண்டி அண்ணாச்சிக்கு ஒரு மெக்கானிக்கல் ரெஞ்ச் விற்றேன். கடை வாசலில் இருந்த வைஸில் ஒரு போல்ட்டைப் பிடித்து வைத்து, இழுத்துக் காட்டினேன். டக் என்றது. அவர் முகம் மலர்ந்தது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இன்னொரு தடவை டக். போகிறபோது ஒரு டக்.

ஒரு வாரம் கழித்து ஒடிந்த போல்ட் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். எப்படி இறுக்கினீர்கள் என்று கேட்டேன். ஒவ்வொரு போல்ட்டுக்கும் மூன்று டக் வைத்தாராம். முதல் டக்கோடு கையை எடுத்துவிட வேண்டும், அதற்கு மேல் இழுத்தால் அளவு கூடிப்போகும் என்று நான் வாத்தியார் மாதிரி விளக்க ஆரம்பித்தேன். கடையில் வேறு நாலு பேர் நின்றிருந்தார்கள். அவர் என்னை முழுசாகப் பேசவிட்டுவிட்டு, பிறகு நிதானமாகச் சொன்னார்: "நீரு இதே எடத்துல நின்னு மூணு தடவ டக்குன்னு காட்டுனீரே தம்பி, அதப் பாத்துத்தானவே நானும் வச்சேன்."

ஜெபா சாமான்

டிஜிட்டல் ரெஞ்ச் வந்தது ரெண்டாயிரத்துக்குப் பிறகு. கம்பெனிக்காரர்கள் எங்களை மாதிரி கடை ஆட்களை மதுரைக்குக் கூப்பிட்டு, ஏசி ஹாலில் உட்கார வைத்து, டை கட்டிய ஒருத்தரைப் பேச வைத்தார்கள். மத்தியானம் பிரியாணி. சாயங்காலம் ஆளுக்கு ஒரு தொப்பி. பிரியாணியும் தொப்பியும் சேர்ந்து தலைக்கேறிவிட்டது. மறுநாள் காலையில் முதலாளியிடம் போய், இனிமேல் மெக்கானிக்கலை எவனும் தொட மாட்டான், டிஜிட்டல் ஒன்று எடுத்து வைத்தால் சாயங்காலத்துக்குள் போய்விடும் என்று அளந்தேன்.

முதலாளி சிக்கனமான மனுஷன். விலையைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆனாலும் நான் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னதால் ஒன்றே ஒன்று வரவழைத்தார். கல்லாவுக்குப் பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் அதை வைக்கும்போது, "ஏலே ஜெபா, நீ சொல்லுதேன்னுதான் எடுத்துருக்கேன். இது போணியாகலேன்னா, வாரவன் போறவன்கிட்ட எல்லாம் ஜெபா எடுக்கச் சொன்ன சாமான்னு உன் பேரைச் சொல்லித்தான் காட்டுவேன்" என்றார்.

சொன்னபடி செய்தார். தப்பில்லை, எச்சரித்துவிட்டுத்தானே செய்தார். மாதக்கணக்கில் அது அங்கேயே கிடந்தது. வருகிறவர்கள் எடுத்துப் பார்ப்பார்கள், பொத்தானை அமுக்கிக் கீச்சென்று கத்தவிடுவார்கள், மெக்கானிக்கலை வாங்கிக்கொண்டு போவார்கள். அது விற்றால்தான் நான் தலை நிமிர்ந்து நடக்க முடியும் என்று ஆகிவிட்டது. கடைக்கு டீ கொண்டு வருகிறவர்கூட கிளாஸை வைத்துவிட்டு அந்தப் பெட்டியை ஒரு பார்வை பார்ப்பார். "என்னண்ணே, உங்க சாமான் இன்னும் குத்தவச்சுத்தான் இருக்கா?"

எதிர் பஸ்காரன்

கடையில் வைத்துக் காட்டினால் விற்காது, இடத்துக்கே கொண்டுபோய்க் காட்டினால்தான் விற்கும் என்று எனக்கு ஒரு யோசனை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மினி பஸ் பஞ்சராகி, டயர் மாற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஜனம் நிறைந்திருந்தது. டிஜிட்டலைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய், நட்டை நான் இறுக்கிக் காட்டுகிறேன், பிடித்திருந்தால் வாங்குங்கள் என்றேன். பஸ் ஓனர் தாராளமாக ஒதுங்கி நின்றார்.

இந்த டிஜிட்டலில் ஒரு பொத்தான் உண்டு. ஒரே இறுக்கத்தை நியூட்டன் கணக்கு, கிலோ கணக்கு, பவுண்டு கணக்கு என்று மாற்றி மாற்றிக் காட்டும். முந்தின நாள் ஒருத்தருக்கு வேடிக்கை காட்ட அதைப் பவுண்டுக்கு மாற்றியவன், திருப்பி வைக்க மறந்துவிட்டேன். நியூட்டனில் வைக்க வேண்டிய எண்ணைப் பவுண்டில் வைத்தால் என்ன ஆகும்? மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இறுகும். நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தம் பிடித்து, எண் வரட்டும் எண் வரட்டும் என்று இழுத்தேன். எண் வரவில்லை. வீலில் நட்டு ஏறுகிற ஸ்டட் பழசு, அதுதான் படாரென்று ஒடிந்து வந்தது. நான் பின்னால் போய் ரோட்டில் உட்கார்ந்தேன். அப்போதுதான் ரெஞ்ச் கீச்சென்று கத்தியது. விழுந்ததில் எதையோ அமுக்கியிருக்கிறேன்.

பஸ் ஓனர் ஒடிந்த ஸ்டட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜன்னலோரம் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற ஒரு அம்மா தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தார். நேரமாகிற கடுப்பில் தலையை வெளியே நீட்டி, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கேட்டார்: "ஏ தம்பி, உன்னயக் கம்பெனிக்காரன் அனுப்புனானா, இல்ல எதிர் பஸ்காரன் அனுப்புனானா?"

சந்தனம்

நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போகிற ஆள். ஆனாலும் ஆயுதபூஜைக்குக் கடையில் சந்தனம் குழைப்பது வருஷா வருஷம் என் பொறுப்பு. எல்லாச் சாமானையும் ஈரத்துணியால் துடைத்து, மேசையில் பரப்பி, சந்தனம் பூசிக் குங்குமம் வைக்க வேண்டும். அந்த வருஷம் என் பேரில் கிடந்த அந்தச் சாமானுக்கு மட்டும் ரெண்டு கை கூடுதலாகவே பூசினேன். இன்றைக்காவது இதற்கு ஒரு வழி பிறக்கட்டும் என்ற நப்பாசைதான்.

முந்தின நாள்தான் நல்ல மழை. கரிசல்காட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழை விட்டு, மண் காலில் ஒட்டாத பதத்துக்கு வந்ததும் உழுது விதைத்துவிட வேண்டும். விட்டால் ஈரம் காய்ந்துவிடும், பிறகு அடுத்த மழைக்கு வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். சாயங்காலம் பூஜை முடிந்து பொரி கொடுத்துக்கொண்டிருக்கும்போது, நாகலாபுரத்திலிருந்து வேலுச்சாமி என்பவர் வந்தார். சொந்த டிராக்டர் வைத்து விவசாயம் பண்ணுகிற சம்சாரி. என்ஜினுக்கு மேல் மூடியாக இருக்கிற ஹெட்டைக் கழற்றி, கசியாமல் இருக்க நடுவில் வைக்கிற கேஸ்கட்டை மாற்றியிருக்கிறார். கை அளவில் இறுக்கியதில் ரெண்டு தடவை கேஸ்கட் போய்விட்டது. "நாளைக்குச் சாயந்திரம் காடு பதத்துக்கு வந்துரும் அண்ணாச்சி. வாடகை வண்டி ஒண்ணும் அம்புடல. அந்த அளவு பாத்து இறுக்குத ஸ்பேனர் இருந்தாக் குடுங்க" என்று முதலாளியிடம் கேட்டார்.

பூஜையில் வைத்த சாமானை மறுநாள்தான் எடுக்க வேண்டும். முதலாளி கொஞ்சம் யோசித்தார். "வெள்ளாமைக்குப் போற சாமான், எடுத்துக் குடுலே" என்றார். மேசையில் மெக்கானிக்கலும் டிஜிட்டலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. வேலுச்சாமி என்னைப் பார்த்து, "எது தம்பி நல்லது?" என்றார்.

மெக்கானிக்கலே போதும் என்று ஒரு வரியில் முடிந்திருக்கும். எனக்கு அது தெரியும். ஆனால் முதலாளி பார்த்துக்கொண்டு நிற்கிறார். மேசையில் என் பெயர் கிடக்கிறது. வாய் தானாக ஓடியது. இது எண் காட்டும், இது சத்தம் போடும், ஜெர்மனியில் எல்லாம் இதுதான், உங்கள் பேரன் காலம் வரை உழைக்கும். பேசிக்கொண்டே சந்தனத்தைத் துடைத்தேன். பேட்டரி மூடி இடுக்கில் ஈரமாக மஞ்சள் தெரிந்தது. நகத்தால் சுரண்டி ஊதிவிட்டேன். பொத்தானை அமுக்கினேன், விளக்கு எரிந்தது. முதலாளி முகத்திலும் எரிந்தது.

வேலுச்சாமி மெக்கானிக்கலை ஒரு தடவை கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "நீங்க இம்புட்டுச் சொல்லுதீங்க, பெறகு நான் எதுக்கு யோசிக்கணும்?"

மதுரைக்குப் போட்ட போன்

மறுநாள் காலையில் வேலுச்சாமி ஊர் டெலிபோன் பூத்திலிருந்து போன். பாதி போல்ட்டு இறுக்கும்போதே திரை அணைந்துவிட்டது, என்ன அமுக்கியும் எரியவில்லை. திட்டவில்லை. "இனி என்ன செய்யணும் தம்பி?" என்றுதான் கேட்டார். மதுரையில் எங்களுக்குப் பாடம் எடுத்த அதே டைக்காரரைக் கூப்பிட்டேன். முதலாளி பக்கத்திலேயே நின்றார்.

தண்ணீர் பட்டதா என்று டைக்காரர் கேட்டார். தண்ணீர் இல்லை, ஈரத்துணி என்றேன். ஈரத்துணி மட்டும்தானா என்றார். மென்று முழுங்கி, கொஞ்சம் சந்தனம் என்றேன். அந்தப் பக்கம் யாரிடமோ சொல்லிச் சிரிக்கிற சத்தம். வாரன்டியில் அது வராது என்று சொல்லிவிட்டுக் கேட்டார்: "சார், அது மீட்டர் சார். அதுக்குப் போயி என்னமோ பொண்ணு அழைக்கிற மாதிரி சந்தனம் பூசியிருக்கீங்களே?"

நாகலாபுரம்

முதலாளி மெக்கானிக்கல் ரெஞ்சை ஒரு துணிப்பையில் போட்டு என் கையில் கொடுத்தார். "இதக் குடுத்துட்டு அத வாங்கிட்டு வா" என்றதோடு சரி. ரெண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பஸ்ஸை விட்டு இறங்கி வேலுச்சாமி காட்டுக்குப் போகிற வண்டிப்பாதையில் நடந்தேன். பாதை இன்னும் காயவில்லை. கரிசல் செருப்பில் அப்பி அப்பி, தூக்க முடியாமல் கையில் எடுத்துக்கொண்டேன். சுற்றிலும் மேட்டுக் காடுகளில் டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய டிராக்டர் மட்டும் கொட்டகையில் பாதி இறுக்கிய போல்ட்டோடு கிடந்தது. உளுந்து விதை மூட்டையில் சாய்ந்து அவர் வீட்டுக்காரி உட்கார்ந்திருந்தார். என் முகத்தையும் சேறு அப்பிய காலையும் பார்த்தார், "வாங்க" என்று மட்டும் சொன்னார். இறுக்கிக்கொண்டிருந்த மெக்கானிக் அடுத்த ஊர் வேலைக்குப் போய்விட்டாராம். எத்தனை நேரம்தான் அவரும் உட்கார்ந்திருப்பார்?

நானே இறுக்குகிறேன் என்றேன். வேலுச்சாமி ஒரு நொடி தயங்கினார். நியாயம்தானே. பிறகு தள்ளி நின்றார். எல்லா போல்ட்டையும் தளர்த்தி, முதலிலிருந்து ஆரம்பித்தேன். நடுவில் ஒன்று, எதிரில் ஒன்று என்று வரிசை மாறாமல். இழுத்தேன், டக். கையை எடுத்தேன். அடுத்தது, டக். கையை எடுத்தேன். வாயே திறக்கவில்லை. என் வாழ்க்கையில் அத்தனை நேரம் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

தண்ணீர் ஊற்றி, டீசல் பார்த்து, அவர் சாவியைத் திருப்பினார். வண்டி ரெண்டு இருமல் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. ஹெட் பக்கம் கசிவு இருக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தேன். இல்லை. அவர் கலப்பையை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. அன்றைக்குப் பாதிக் காடுதான் முடிந்தது. மீதியை மறுநாள் விதைத்தார்கள், அதற்குள் காற்று ஈரத்தை இழுத்துவிட்டது. அந்தப் பக்கம் பயிர் சொட்டை சொட்டையாகத்தான் முளைத்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். அதைக் கேட்ட பிறகு நாகலாபுரம் பஸ் கடையைத் தாண்டிப் போனாலே நான் உள்ளே போய் ஏதாவது அடுக்க ஆரம்பித்துவிடுவேன்.

கிளம்புகிறபோது வீட்டுக்காரி காப்பி கொடுத்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், வழக்கம்போல நீட்டி முழக்கிவிட்டேன் போலிருக்கிறது. டம்ளரை வாங்கிக்கொண்டே அந்த அம்மா சொன்னார்: "டக்குன்னு சத்தம் வந்ததும் கைய எடுத்துட்டீங்கல்லா தம்பி, நேத்துக் கடையில அவுக எது நல்லதுன்னு கேட்டப்போ அதே மாதிரி நிறுத்தியிருக்கலாம்."

போதும் என்று சொல்கிற கருவியை இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் விற்றேன், வாய்க்கு மாட்டுகிற மாதிரி ஒன்று வந்தால், மெக்கானிக்கலோ டிஜிட்டலோ, முதல் போணி நான்தான்.