மூக்குத்தி இருந்த பக்கம்

என் தொழிலில் மனிதர்களை நேருக்கு நேர் பார்ப்பது குறைவு. மதுரை விமான நிலையத்தில் வந்து இறங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு, மேற்கே மலை உச்சியில் இருக்கும் ஓவியர் கிராமத்துக்குக் கொண்டுபோய், அவர்கள் சுற்றிப் பார்க்கும்வரை காத்திருந்து, திரும்பக் கூட்டிவருவது என் வேலை. கோயில் சுவர்களில் படம் எழுதுவதற்காக அந்தக் காலத்தில் ஒரு பாளையக்காரர் ஆட்களைக் கொண்டுவந்து குடிவைத்த ஊராம் அது. இப்போதும் வீட்டுக்கு வீடு ஓவியர்கள்தான். என் காரில் ஏறுகிறவர்கள் எல்லாரும் பின்சீட்டில் உட்காருவார்கள். முன்னால் தொங்கும் கண்ணாடியில் அவர்களுடைய நெற்றியும் கண்ணும் மூக்கும் தெரியும். வாய் தெரியாது. அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை, என்னிடம் பேசுவதற்காக அவர்கள் அதைத் திறப்பதில்லை. “டிரைவர், ஏசி” என்பார்கள், அவ்வளவுதான்.

என் வீடு எம்.ரெட்டியபட்டியில். விடியும் முன்னே காலி வண்டியோடு கிளம்பி அருப்புக்கோட்டை வழியாக விமான நிலையம் போக வேண்டும். கார் வாங்கிய நாளிலிருந்தே அந்தக் காலி ஓட்டத்துக்கு என் மனைவி கூட வருவாள். அருப்புக்கோட்டையில் அவள் அக்கா வீட்டு வாசலில் இறக்கிவிடுவேன். அவளும் பின்சீட்டுதான். முன்சீட்டு சிறுவயதிலிருந்தே எங்கள் மகளுடையது. மகள் கல்யாணமாகிப் போன பிறகாவது முன்னால் வரச் சொன்னேன்.

“நமக்கு அது சரிப்படாதுங்க. முன்னால ஒக்காந்தா எதுக்க வார லாரியெல்லாம் எம் மேலயே ஏறுற மாதிரி இருக்கு” என்றாள்.

பின்சீட்டில் காலை மடக்கி ஏறி உட்கார்ந்துகொள்வாள். வழிநெடுகப் பேச்சு. பரளச்சியில் அவள் பிறந்த வீட்டுக்கதை, யார் வீட்டு ஆட்டை யார் அவிழ்த்தார்கள், மழை பெய்யாமலே பருத்தி எப்படிக் காய்த்தது என்று எதையாவது சொல்லிக்கொண்டே வருவாள். நான் கண்ணாடியைப் பார்த்து “ம்” கொட்டுவேன். வெயில் ஏறும் நேரத்தில் அவள் மூக்குத்தி கண்ணாடியில் ஒரு மின்னு மின்னும். எனக்குச் சந்தோஷமாக இருந்த நேரம் என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

அவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அஞ்சலி பேனருக்குப் படம் தேடினோம். ஆதார் அட்டையில் இருந்த முகம், போலீஸ் பிடித்து நிறுத்தியதுபோல் மிரண்டு கிடந்தது. மகளின் கல்யாண ஆல்பத்தில் பவுடர் பூசி யாரோபோல் இருந்தாள். அந்த யாரோதான் பேனரில் வந்தாள். வந்தவர்கள் எல்லாம் அதற்கு முன்னால் நின்று அழுதார்கள். எனக்கு அழுகைகூட வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

மகள் புருஷனோடு மஸ்கட்டில் இருக்கிறாள். வீட்டில் நான் மட்டும். டிவியைப் போட்டுவிட்டு அடுத்த அறையில் உட்கார்ந்துகொள்வேன், ஆள் பேசுகிற சத்தம் இருந்தால் போதும் என்று. தனிமை பழகிவிடும் என்றார்கள். சொன்னவர்கள் எல்லாரும் பெண்டாட்டியோடு வந்து சொல்லிவிட்டுப் போனவர்கள்.

அந்த மலைக் கிராமத்தில் ஓர் அம்மா உண்டு, வயதில் எனக்குக் கொஞ்சம் இளையவர். காத்திருக்கும் டிரைவர்களைக் கூப்பிட்டு டீ கொடுப்பார். முகம் வரைவதுதான் அவர் வேலை. ஒருநாள் துணிந்து கேட்டுவிட்டேன், என் மனைவியை வரைந்து தர முடியுமா என்று.

“போட்டோ கொண்டாங்கண்ணே” என்றார்.

“போட்டோல இருக்கிறது அவ இல்லம்மா.”

அவர் சிரிக்கவில்லை. “அப்ப வாயால சொல்லுங்க. உதடு, நாடியெல்லாம் எப்படி இருக்கும்?”

கண்ணை மூடினேன். நெற்றி வந்தது, புருவம் வந்தது, கண்ணும் மூக்கும் வந்தன. அதற்குக் கீழே வரவில்லை. இத்தனை காலம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், அவள் நாடி எனக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் அவளை நினைத்தால் கண்ணாடியில் பார்த்த முகம்தான் வருகிறது. வெட்கமாக இருந்தது, சொல்லிவிட்டேன். அவர் எழுந்து வந்து என் காரில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“மூக்குத்தி எங்க தெரியும்?”

கண்ணாடியின் வலது ஓரமாக விரலை வைத்து, “இங்கன மின்னும்” என்றேன்.

கண்ணாடி மாதிரியே நீளவாக்கில்தான் படம் வந்தது. நெற்றியிலிருந்து மூக்குவரை, அவ்வளவுதான். அவர் துணியை விலக்கினார். அவளேதான். அடுத்து ஆட்டுக்கதை சொல்லப்போகிறவள்போல் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினேன். அதன் பிறகு டிவி போடுவது குறைந்தது.

இந்த வருஷம் மகள் லீவில் வந்தாள். பெட்டியைக்கூட இறக்காமல் படத்தின் முன்னால் நின்றாள்.

“யாருப்பா இது?”

“ஒங்கம்மா தாயி.”

“பாதி மொகந்தான் இருக்கு. அதுலயும் மூக்குத்தி பக்கம் மாறியிருக்கு. அம்மாவுக்கு வலது மூக்குலல்ல? இதுல இடது மூக்குல போட்டிருக்காக. அம்மா மாதிரியே இல்லப்பா.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “எனக்குத் தெரியாதா?” என்று கத்தினேன். அவள் அழுதாள். அந்த மூக்கு குத்தும்போது நான் பக்கத்திலா இருந்தேன் என்று இரவெல்லாம் யோசித்துக் கிடந்தேன். என்னிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு முகம்தான். அதுவும் தப்பென்றால் நான் யாரோடு இருந்தேன்?

மறுநாள், படத்தைத் திருத்தி வாங்கலாம் என்று அவளே சமாதானத்துக்கு வந்தாள். படத்தைப் பின்சீட்டில் முன்பக்கம் பார்க்கச் சாய்த்து, பெல்ட் போட்டுக் கட்டினாள். மகள் பழையபடி முன்சீட்டில் ஏறினாள். அருப்புக்கோட்டை தாண்டியதும், தலைமுடி சரிபார்க்கக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினாள். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்ட நாளிலிருந்தே இந்தப் பழக்கம், நானும் திட்டாத நாள் இல்லை. திட்ட வாயெடுத்தேன். அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

“யப்பா. அம்மா இருக்கா.”

ஓரமாக நிறுத்தினேன். என் பக்கம் கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தேன். மூக்குத்தி இடம் மாறி, யாரோ ஒரு பெண். தலையைத் திருப்பி நேரே படத்தைப் பார்த்தேன். அங்கே என் மனைவி இருந்தாள். கண்ணாடி இடதை வலதாக்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அந்த ரோட்டோரத்தில்தான் உறைத்தது. நேரில் பார்த்து வளர்ந்தவள் மகள். நான் பார்த்ததெல்லாம் கண்ணாடியில். நான் பார்த்தபடி அவளைப் பார்த்தவர்கள் வேறு யாரும் இல்லை, இனிமேலும் இருக்கப்போவதில்லை.

“திருத்த வேணாம்ப்பா” என்றாள். கண்ணாடியில் தெரிந்த அம்மாவைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டாள். வண்டியைத் திருப்பினோம்.

லீவு முடிந்து அவளை விமான நிலையத்தில் விட்டேன். போகும் வழியிலும் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிப் பொட்டைச் சரிசெய்தாள், நான் திட்டவில்லை. திரும்பும்போதும் அதை அப்படியே விட்டிருந்தேன். பின்னால் வருகிற வண்டி தெரியாமல் ஓட்டுவது கிறுக்குத்தனம் என்று டிரைவருக்குத் தெரியாதா? இருந்தும் காரியாபட்டிவரை கை போகவில்லை. லாரிக்காரன் ஒருவன் ஹார்ன் அடித்துத் திட்டிக்கொண்டு போனான். பிறகுதான் திருப்பி வைத்தேன். பின்சீட்டு காலியாக இருந்தது. “ம்” என்றேன்.