நாளைக்குக் காலை எடுத்துடுவாங்க

என் மகள் கொக்குவில் றோட்டில் சில்லுப் பலகையில் நின்றுகொண்டு போவாள். குந்தியிருந்துகொண்டு அல்ல, நின்றுகொண்டு. லண்டனில் இருந்து வந்த என் தம்பி பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த பலகை அது. அடியில் நாலு சில்லு, பிடிக்க ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டுக்கு முன் ஒழுங்கையில் இருந்த பெடியள் ஏறி ஏறி விழுந்தார்கள். பதின்மூன்று வயதுப் பெட்டை, இவள் மூன்றாம் நாளே வளைவில் திரும்பினாள். நான் வாய் ஓயாமல் ஏசினேன். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து ரசித்தவளும் நான்தான்.

சண்டை தொடங்கியிருந்த அந்த வருடங்களில் ரயில் ஒழுங்காக வருவதில்லை. தெற்கே எங்காவது பாதை பழுதானால் மூன்று நாள், நாலு நாள் வராது. அப்படியான நாட்களில் நாங்கள் தண்டவாளத்தில் ஆடு கட்டுவோம், பக்கத்தில் மிளகாய் காயப்போடுவோம். அன்றைக்கும் நாலு நாளாக ரயில் இல்லை. "இண்டைக்கும் வராது, போட்டு வா" என்று நான்தான் அவளைக் கடைக்கு அனுப்பினேன். பலகையில் போனாள். கேற் இல்லாத ரயில் கடவையில், தண்டவாளத்துக்கும் தாருக்கும் இடையில் இருந்த நீக்கலுக்குள் முன்சில்லு இறுகிவிட்டது. குனிந்து இழுத்திருக்கிறாள். ரயில் வந்துவிட்டது. ஸ்டேசனுக்காக வேகத்தைக் குறைத்திருந்ததால் உயிர் தப்பினாள். விலகிப் பாயும்போது ரயில் பெட்டியின் படி இடித்து, இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து வெளியே வந்திருந்தது. வராது என்று சொன்னது நான். அதை இன்றைக்கும் ஒருவருக்கும் ஒளிப்பதில்லை.

ஆசுப்பத்திரியில் பெரிய டொக்டர் நேரே கதைத்தார். "எலும்பைப் பொருத்தியிருக்கிறம் அம்மா. புண்தான் பயம். பழுதாப் போச்செண்டால் காலை எடுக்க வேண்டி வரும்."

அந்தச் சொல் என் நெஞ்சுக்குள் போய்க் குந்திக்கொண்டது. முறிவுக்குப் போட்ட பிளாஸ்டரில் ஜன்னல் மாதிரி ஒரு சதுரம் வெட்டி, அதற்குள்ளால் ஒவ்வொரு நாளும் மருந்து கட்டினார்கள். மகள் பல்லைக் கடித்துக்கொண்டு மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தபடி கிடப்பாள்.  பக்கத்துக் கட்டில்காரர் "ஆரின்ரை பிள்ளை உது?" என்று வியந்து கேட்டு முடிக்க முதலே "என்ரை" என்பேன்.

ஆறாம் வாரம், ஒரு பின்னேரம். புதிதாக வந்திருந்த நேர்ஸ் மிஸ்ஸி, மலையகத்துப் பிள்ளை, புண்ணைப் பார்த்துவிட்டுச் சிரித்த முகத்தோடு, "நாளைக்குக் காலை எடுத்துடுவாங்கம்மா" என்றாள். சொல்லிவிட்டு அடுத்த வார்ட்டுக்குப் போய்விட்டாள்.

 சிரித்துக்கொண்டு சொல்கிறாளே, பாவி! பெரிய டொக்டர் வீட்டுக்குப் போய்விட்டார், விடியத்தான் வருவார் என்றார்கள். நான் வாயைத் திறந்து அந்த இடத்தையே இரண்டாக்கியிருப்பேன். மகள் என் கையைப் பிடித்தாள். முகம் வெளிறியிருந்தது. குரல் ஆடவில்லை.

"கத்தாதேங்கோ அம்மா. பலகையிலை நிக்க ஒரு காலே காணும். மற்றது தள்ளத்தானே. அதுக்கொரு தடி பிடிக்கலாம்."

என்ன பிள்ளையடா இது! என் வயிற்றில்தான் பிறந்ததா என்று இருந்தது எனக்கு.

காலமை டொக்டர் வந்தார். பின்னால் வந்த வார்ட் அற்றென்டனின் கையில் மரம் அரிகிற மாதிரி ஒரு வாள். நான் கட்டிலுக்குக் குறுக்கே நின்றேன்.

"முதல் என்னை அறுங்கோ! பிறகு பிள்ளையிலை கை வையுங்கோ!"

"ஏன் அம்மா, பிளாஸ்டரை வெட்ட வேண்டாமோ?"

"காலை எடுக்கப் போறியள் எண்டு மிஸ்ஸி சொன்னவ!"

மிஸ்ஸி மலங்க மலங்க விழித்தாள். "ஐயோ, பிளாஸ்டரைத்தானேம்மா சொன்னேன். காலை எடுத்துடுவாங்கன்னு... காலைல!"

அவள் ஊரில் விடிந்தால் காலை. எங்களுக்கு அது காலமை. காலை என்றால் எங்கள் காதில் கால்தான் விழும். வார்ட்டே சிரித்தது. நானும் வெட்கத்தோடு சிரித்து, மிஸ்ஸியின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். மகள் சிரிக்கவில்லை. ரயில் இடித்த நாள் தொடக்கம் அழாத பிள்ளை, தலையணையில் முகத்தைப் புதைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவ்வளவையும் அடக்கிக்கொண்டுதான் முதல்நாள் எனக்குத் தேறுதல் சொல்லியிருக்கிறாள்.

பிளாஸ்டருக்குள் இருந்து வெளியே வந்த கால் முருங்கைக்காய் போல இருந்தது. அதற்குப் பிறகு ஒரு வருடம் கிளினிக். ஊரடங்கு இல்லாத நாள் பார்த்துச் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு மிதிப்பேன். காலில் மணல் பை கட்டித் தூக்க வேண்டும். ஐம்பது தரம் என்றால் எழுபது தரம் தூக்குவாள். "காணுமடி" என்றால் கேட்கமாட்டாள். எலும்பு அரை அங்குலம் குட்டையாகத்தான் பொருந்தியது. ஒரு செருப்புக்கு அடியில் தோல் சேர்த்துத் தைப்பித்தோம்.

கடைசிக் கிளினிக் அன்று டொக்டர் அவளுடைய ஊன்றுதடியை வாங்கிச் சுவரில் சாத்திவிட்டு, "இனி வீட்டை போ" என்றார். மகள் முன்னால் போனாள். நான் மருந்து எழுதும் கிளினிக் கொப்பியோடு பின்னால். வாசலில் காத்திருந்த ஒரு மனுசி என்னைப் பார்த்து, "பாவம் பிள்ளை, நொண்டுது" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம்.

"வடிவாப் பாருங்கோ," என்றேன். "நடக்குது."