ஒராள் குறையுது

கார்க் கூரையில் விரலை மடித்துத் தட்டுகிற சத்தம்தான் எனக்கு முதலில் ஞாபகம் வரும். ஸ்பெயினில் நாங்கள் எடுத்திருந்த வாடகைக் காரைச் சுற்றி நடந்து, ஒவ்வொருவருடைய தலைக்கு மேலேயும் கூரையில் ஒரு தட்டுத் தட்டி, "ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு" என்று எண்ணுவார் ஜெர்மன் அண்ணை. கடைசியில் தன் நெஞ்சில் ஒரு தட்டு. "அஞ்சு. சரி, எல்லாரும் வந்தாச்சு. வெளிக்கிடுவம்." பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் பிள்ளைகளை ஏற்றுகிற வாத்தியார் தோற்றுப்போவார். ஐந்து கிழடுகள் ஏறுகிற காரில் யாரைக் களவெடுக்கப் போகிறார்கள் என்று நான் கேலி செய்வேன். எல்லாவற்றுக்கும் சிரிக்கிற மனிதர், அதற்கு மட்டும் சிரிக்க மாட்டார்.

அவர் ஜெர்மன்காரர் இல்லை. யாழ்ப்பாணத்தார்தான். லண்டனில் அண்ணைமார் அதிகம் என்பதால் ஆளுக்கொரு நாட்டை முன்னால் ஒட்டிவிடுவோம். சுவிஸ் அண்ணை, பிரான்ஸ் அண்ணை என்று. இவர் ஜெர்மனியில் நெடுங்காலம் இருந்துவிட்டு, பிள்ளைகளின் படிப்புக்காக லண்டன் நோர்பரிக்கு வந்து எங்கள் தெருவிலேயே வீடு வாங்கியவர். அகதிகளாக வந்தவர்கள் அல்லாடிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு பழைய வான் வண்டியில் ஆட்களை எல்லை கடத்தி விட்டவர். என் கணவரும் ஒரு பனிக்காலத்தில் அந்த வானின் பின்பக்கம் போர்வைக்குக் கீழே படுத்து வந்தவர்தான். அந்தப் பயணத்தைப் பற்றி அவர் என்னிடம் விவரித்ததே இல்லை. "அண்ணைதான் என்னைக் கொண்டந்து சேர்த்தவர்" என்பதோடு கதை முடிந்துவிடும். எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மூத்த சகோதரனாக நின்றதும் அவர்தான்.

மூன்று வருடங்களுக்கு முன்னர், பொங்கல் கழிந்த கையோடு, லண்டன் குளிருக்குத் தப்பி ஸ்பெயின் கடற்கரை ஊரொன்றில் இரண்டு மாதத்துக்கு ஒரு பிளாட் எடுத்தோம். அண்ணை, அவருடைய மனைவியான அக்கா, நானும் கணவரும், பிறகு மரக்கறிக் கடையை விற்றுவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற எங்கள் சிநேகிதர் கடைக்காரர். காலையில் அக்கா பாணும் சம்பலும் கட்டுவார், நான் பிளாஸ்கில் தேத்தண்ணீர் ஊற்றுவேன், ஏதாவதொரு ஊருக்குப் புறப்பட்டுவிடுவோம். ஒரு நாள் தோடம்பழத் தோட்டங்கள், ஒரு நாள் மலை உச்சியில் கோட்டை, ஒரு நாள் மீன் சந்தை. அங்கே கணவாய் மீனைக் கண்ட கடைக்காரர், மொழி தெரியாமலே விலை பேசி, விற்றவளையும் சிரிக்கவைத்து வாங்கி வந்தார். அந்த நாட்டில் காரை வீதியின் வலப்பக்கம் ஓட வேண்டும். அது அண்ணைக்குத்தான் பழக்கம். யார் காரை ஓடுவது என்ற பேச்சே எழவில்லை.

சின்னச் சின்னதாகத்தான் தொடங்கியது. பெட்ரோல் அடிக்கிற இடத்தில் அண்ணை ஜெர்மன் மொழியில் கதைத்தார். அந்தக் கரையெங்கும் ஜெர்மன்காரர்கள் என்பதால் அங்கே நின்ற பையனும் ஜெர்மனிலேயே பதில் சொல்ல, நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். எங்கள் பிளாட்டைத் தாண்டி இரண்டு தரம் போனார். கணவாய்ப் பொதியைச் சப்பாத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு நாள் முழுக்கத் தேடவைத்தார். அக்கா முன் சீட்டில் இருந்துகொண்டு ஓயாமல் கதைப்பார். "இந்தா, ரவுண்டபவுட் வருது. வலப்பக்கத்தாலைதானே சுத்தோணும், இல்லையே? லொறி ஒண்டு நிக்குது பாருங்கோ. லைட்டு சிவப்பு." அக்காவுக்கு எங்கள் ரேடியோ என்று பெயர் வைத்தோம். வாயை மூடத் தெரியாத மனுசி என்று நினைத்துக்கொண்டிருந்தேன், நான் ஒரு மடைச்சி.

ஒரு மாலை, எதிர்ப்பக்கத்தில் வந்த பஸ் ஒன்று அலறிக்கொண்டு எங்களை உரசினாற்போல் போனது. அன்றைக்குப் பிளாட்டுக்கு வந்ததும், அண்ணையிடமிருந்து கார்ச் சாவியை வாங்கும்படி என் கணவரிடம் சொன்னேன். அவர் பல்கனிக் கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகச் சொன்னார். "என்னைக் கொண்டந்து சேர்த்த மனுசன். அவரிட்டப் போய், உங்களுக்கு ஓட ஏலாது, திறப்பைத் தாங்கோ எண்டு நான் எப்பிடிக் கேக்கிறது?" கடைக்காரரும் அதைத்தான் சொன்னார். எங்கள் ஆட்கள் உயிரைக்கூட விட்டுவிடுவார்கள், மரியாதையை விடமாட்டார்கள்.

பிறகு ஒரு காலை அக்காவுக்கு எழும்ப முடியாத தலையிடி. பயணத்தை விடுவோம் என்றேன். அண்ணை ஏற்கெனவே சப்பாத்துப் போட்டுவிட்டார். அக்கா வெறுங்காலோடு கார் வரைக்கும் வந்து என் கையைப் பிடித்தார். "நீ முன்னுக்கு இரு. கதைச்சுக்கொண்டே இரு, என்ன?" ஆனால் முழங்கால் வருத்தத்தைச் சொல்லிக் கடைக்காரர் முன் சீட்டில் ஏறி, பெல்ட்டும் போட்டுவிட்டார். ஆம்பிளையை எழும்பச் சொல்லி அங்கே போய் இருக்க எனக்கும் வாய் வரவில்லை. அண்ணை கூரையைத் தட்டி எண்ணினார். நின்றார். திரும்பவும் எண்ணினார். "ஒராள் குறையுது." அக்கா வரவில்லை என்று நினைவூட்டினோம். "ஓமோம்" என்று ஏறினார். அக்கா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

போகும்போது பிழையில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு திரும்பி வருகிற வழியில் கடைக்காரர் குறட்டை விடத் தொடங்கினார். வெளியே நல்ல வெயில். வளைவொன்றில் திரும்பினால், மலையைக் குடைந்த சுரங்கப்பாதையின் வாயில் இரண்டு பொலிஸ்காரர்கள் மோட்டார் சைக்கிள்களோடு நின்றார்கள். எங்களைப் பார்க்கக்கூட இல்லை. அண்ணையின் தோள் இறுகியது பின்னால் இருந்த எனக்குத் தெரிந்தது. உள்ளே நுழைந்ததும் காரின் லைட்டுகளை அணைத்தார்.

"தலையைக் குனியுங்கோ. ஒருத்தரும் கதைக்கப்படாது. குழந்தை அழுதால் வாயைப் பொத்துங்கோ."

அண்ணைதான் சொன்னார், ஆனால் அது நான் அறிந்த குரல் இல்லை. இளம் ஆளின் குரல். பின்னால் வந்த லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டேயிருந்தது, சுவர் என் பக்கமாக நெருங்கி வந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்துகொண்டு கணவரின் பக்கம் திரும்பினேன். அவர் குனிந்திருந்தார். நெற்றி முழங்காலில் பட, இரண்டு கைகளும் பிடரியில். அறுபதை நெருங்குகிற மனிதர், சொன்ன அந்தக் கணமே குனிந்திருக்கிறார். நெருங்கி வந்த சுவரைவிட அதுதான் என்னைப் பயப்படுத்தியது. குனிந்தபடியே அவர் அமைதியாகச் சொன்னார்: "அண்ணை, தாண்டியாச்சு. இனி லைட்டைப் போடலாம். வெளியில வந்தவுடனை நிப்பாட்டுங்கோ."

லைட்டு வந்தது. சுரங்கத்துக்கு வெளியே வீதியோரத்தில் கார் நின்றது. அண்ணை இறங்கி, காரைச் சுற்றி நடந்து, கூரையைத் தட்டினார். "ஒராள் குறையுது." அக்கா வீட்டில் என்றேன். "அவளில்லை, பிள்ளை. அந்த மெல்லிசான ஆள். கறுப்பு ஜாக்கெட்." வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, அந்தக் காலத்தில் எல்லைக்கு இப்பால் வேறொரு ஓட்டுநரிடம் ஆட்களை எப்படி ஒப்படைத்திருப்பாரோ அப்படியே, திறப்பைக் கணவரின் கையில் வைத்தார். "இனி நீ கொண்டு போ. கவனம்." நாங்கள் கேட்கத் துணியாததை அவராகவே தந்துவிட்டார். வலப்பக்க ஓட்டத்தில் பழக்கமே இல்லாத என் கணவர், எங்களைக் கொண்டுவந்து சேர்த்தார்.

நடந்ததைக் கேட்ட அக்கா தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "அந்த ஆளைப் பற்றி இவர் எனக்கு இண்டைவரைக்கும் சொன்னதில்லை. நித்திரையில எண்ணுறதைத்தான் கேட்டிருக்கிறன்." என் கணவருக்கும் தெரியாது. அவர் வந்த வானில் எல்லோரும் வந்து சேர்ந்தார்களாம். அதற்கு மேல் கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. அடுத்த கிழமையே லண்டனுக்குத் திரும்பிவிட்டோம்.

இப்போது அண்ணை வீட்டை விட்டு வெளியே போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் மூன்று பேரும் அங்கே போவோம். என் பெயர் அவருக்கு மறந்துவிட்டது, எண்ணுவது மறக்கவில்லை. ஒவ்வொருவருடைய கதிரை முதுகிலும் தட்டி எண்ணி, ஒவ்வொரு முறையும் ஒராள் குறையுது என்பார். அக்கா சளைக்காமல் சொல்வார்: "பின்னால வாறார். நீங்கள் இருங்கோ." அதைக் கேட்டு அமர்ந்துவிடுவார். அந்தப் பதில் ஒரு நாள் அவருக்குப் போதாமல் போய்விடக் கூடாது என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிறும் எண்ணினார். அக்கா, கடைக்காரர், என் கணவர், நான். பிறகு ஜன்னலோரத்தில் வெறுமையாகக் கிடந்த கதிரைக்குப் போய், அதன் முதுகில் விரலை மடித்து ஒரு தட்டுத் தட்டினார். கடைசியில் தன் நெஞ்சில். முகம் தெளிந்திருந்தது, இத்தனை வருடத்தில் அப்படியொரு நிம்மதியை நான் அவரில் கண்டதில்லை.

"சரி, எல்லாரும் வந்தாச்சு. வெளிக்கிடுவம்" என்றார்.

என் கணவர் மெல்லத் தலையைக் குனிந்தார்.