வெட்கப்படத் தெரியாதவர்

ஆறாம் வகுப்பில் பூகோளப் பாடம் நடந்துகொண்டிருந்தது. காவிரி எங்கே உற்பத்தியாகிறது என்று டீச்சர் என்னைக் கேட்டார். எழுந்து நின்றேன். பதில் தெரியும். வாயைத் திறப்பதற்குள் தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டது. டம், டம், டமடம. வகுப்பிலிருந்த தலைகள் எல்லாம் சன்னல் பக்கம் திரும்பின. பிறகு எல்லாம் சேர்ந்து என் பக்கம் திரும்பின. வெளியே ஒரு மாட்டுவண்டி மெதுவாகப் போனது. இரண்டு பக்கமும் தட்டி கட்டி சினிமாப் படம் ஒட்டியிருந்தார்கள். வண்டியில் என் அப்பா நின்றுகொண்டு, கழுத்தில் மாட்டிய பெரிய டிரம்மை அடித்தபடி, ஊரே தன் கல்யாணத்துக்கு வந்ததுபோலச் சிரித்துக்கொண்டிருந்தார். பின்னால் பிள்ளைகள் நோட்டீசுக்காக ஓடினார்கள். பள்ளிக்கூடத்துச் சன்னலைக் கடக்கும்போது என்னைத் தேடி, கண்டுபிடித்து, டிரம்மில் எனக்கென்று தனியாக நாலு அடி அடித்தார். காவிரி எங்கே பிறக்கிறது என்பது எனக்கு மறந்துபோயிற்று. அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் என் பெயர் டமுக்கு.

அப்பா அதற்கு முன்பு சமஸ்தானத்துப் பேண்டில் இருந்தவர். தசரா ஊர்வலத்தில் சிவப்புக் கோட்டும் பித்தளைப் பொத்தானுமாக அவர் டிரம் அடித்துக்கொண்டு வருவதை அம்மாவின் இடுப்பில் இருந்து பார்த்த ஞாபகம் எனக்கு உண்டு. அப்போது அவரைப் பார்த்து நான் வெட்கப்பட்டதில்லை. நாற்பத்தெட்டில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. பேண்டைக் கலைத்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் பேண்டுக்காரர்கள் எல்லாரும் சுடுகாட்டுக்குப் போய்த் திரும்புகிறவர்களைப் போலத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீடு திரும்பினார்கள். அப்பா மட்டும் தோளில் ஒரு பலாப்பழத்தோடு வந்தார். ஆலங்குடிப் பழம். வாசலுக்கு வருமுன்பே வாசனை வந்துவிட்டது.

அம்மா கேட்டாள்: “வேல போயிருச்சுன்னு ஊரே சொல்லுது. நீங்க பழம் வாங்கியாந்திருக்கீங்க?”

“வேல போனதுக்கும் இது பழுத்ததுக்கும் என்ன சம்பந்தம்? அருவாமணைய எடு” என்றார் அப்பா.

அம்மா ஆலிலை தைத்து ஓட்டலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டின் ஒரு மூலை முழுக்க இலைக்கட்டுதான். ஊசிபோன்ற ஈர்க்குச்சி அவள் விரலில் ஓடுகிற வேகத்திலேயே அவளுடைய கோபத்தின் அளவு தெரியும். “பிரம்மா எல்லா நரம்பையும் வச்சாரு. வெக்கம்ங்கிற நரம்ப மட்டும் ஒங்கப்பாவுக்கு வைக்க மறந்துட்டாரு” என்பாள். அது சரிதான் என்று எனக்குப் பட்டது. அவருக்கு வைக்க மறந்ததையும் சேர்த்து என்னிடம் வைத்துவிட்டார் என்றும் பட்டது. மற்ற பேண்டுக்காரர்களில் ஒருவர் வீட்டைவிட்டு வெளியே வருவதையே நிறுத்திவிட்டார். கிளாரினெட் வாசித்தவர் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டப் போனார். தெரிந்தவர்கள் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர்களைப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும். கூடவே ஒரு பொறாமையும் வரும். அவர்கள் பிள்ளைகளுக்கு ஒரு கௌரவமான துக்கமாவது வீட்டில் இருந்தது. என் அப்பா அரண்மனையில் போட்ட அதே சிவப்புக் கோட்டுடன் சினிமா வண்டியில் ஏறினார். ராஜாவுக்கு அடித்த அதே சந்தோஷத்தோடு தெருப்பிள்ளைகளுக்கும் அடித்தார்.

எனக்குப் பதின்மூன்று வயதாகும்போது தம்பி இறந்துபோனான். அவனுக்கு நாலு வயது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். துணியில் சுற்றித் திரும்பக் கொண்டுவந்தார்கள். அப்பா அழுததைப்போல ஓர் ஆண் அழுது நான் பார்த்ததில்லை. மண்ணில் புரண்டு அழுதார். ஆனால் புதைத்த மறுநாளே வண்டி ஏறிவிட்டார். வந்திருந்தது ஒரு சிரிப்புப் படம். ராஜ வீதியில் அவர் அடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு போனாராம். குழாயடியில் ஒரு பெண், நான் குடத்தோடு நிற்பது தெரிந்தேதான், “மண்ணு தள்ளுன கை இன்னும் காயல. அதுக்குள்ள டமுக்கு” என்றாள்.

பாதிக் குடத்தோடு வீட்டுக்கு வந்தேன். அப்பா கொல்லையில் டிரம்மை வெயிலில் வைத்துவிட்டு, பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். முகத்தில் அந்தச் சிரிப்பு லேசாக இருந்தது. நான் கேட்டேவிட்டேன். “ஒங்களுக்கு அவன் செத்தது கவலையா இல்லையா?”

அவர் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். திருடும்போது பிடிபட்டவரைப் போல விழித்தார்.

“காலையில எந்திரிச்சேன், தாயி. அவன் ஞாபகம் வந்துச்சு. அழுதேன். பொறகு வெயில் அடிச்சுச்சு. இங்கிட்டு வந்து ஒக்காந்தேன். நல்லா இருந்துச்சு. நானா அத வரச்சொன்னேன்? அதுவா வருது. நான் என்ன செய்ய?”

அந்தப் பதிலை அப்போது நான் மன்னிக்கவில்லை. சந்தோஷம் என்பது நல்லது நடந்தால் கிடைக்கும் கூலி என்றுதான் எல்லாப் பெண்பிள்ளைகளையும்போல நானும் நினைத்திருந்தேன். ஒன்றும் நடக்காதபோதும், கெட்டது நடந்தபோதும்கூட அது ஒரு மனிதருக்குள் ஊற்றாக வந்துகொண்டே இருக்கும் என்பதும், அதை அவராலேயே அடைக்க முடியாது என்பதும் எனக்குப் புரியவில்லை. சிலருக்கு நிறம் கறுப்பு, சிலருக்குச் சுருட்டை முடி என்பதுபோல அவருக்கு அது. அவர் அதற்காகப் பாடுபடவும் இல்லை. அதை யாருக்கும் உபதேசம் செய்யவும் இல்லை.

பயிற்சி முடித்து நான் குடுமியான்மலையில் டீச்சர் ஆனேன். திருமயம் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. தாலுகா ஆபீசில் வேலை. என் தாய்மாமா முதல்நாளே வந்து அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். “அரண்மனையில இருந்தேன்னு மட்டும் சொல்லுங்க மச்சான். அதோட நிறுத்துங்க.” அப்பாவும் அவ்வளவுதானே என்று தலையாட்டினார். மறுநாள் மாப்பிள்ளையின் தகப்பனார் தொழிலைப் பற்றிக் கேட்டார். அப்பா சொல்லிக்கொடுத்ததைச் சரியாகச் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நிம்மதியாக மூச்சு விட்டேன். அதற்குள் அவர் உற்சாகமாகிவிட்டார். “இப்ப சினிமா வண்டியில அடிக்கிறேன். போன மாசம் ஒங்க ஊருக்குக்கூட வந்தமே, நீங்க பாக்கலையா?”

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், “யோசிச்சுச் சொல்லி அனுப்புறோம்” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சொல்லி அனுப்பவே இல்லை. அவர்கள் போனபின் மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, அப்பா அவர்கள் மிச்சம் வைத்த கேசரியைத் தின்றுகொண்டிருந்தார். “பாவம், சரியாவே சாப்பிடல. ஒங்கம்மா நல்லா கிண்டியிருக்கா, தாயி. நீயும் சாப்பிடு” என்று தட்டை என் பக்கம் நகர்த்தினார். நான் அதைத் தொடவில்லை.

அடுத்த வரன் மணமேல்குடியிலிருந்து வந்தது. வீட்டில் எல்லாரும் மாப்பிள்ளையின் குணத்தைப் பற்றி விசாரித்தார்கள். நான் ஊர் எவ்வளவு தூரம் என்று விசாரித்தேன். சினிமா வண்டி எட்டாத தூரம் என்று தெரிந்ததும் சரி என்றேன். ஆனால் தூரம் அவரை என்ன செய்யும்? கல்யாணமான புதிதில் ஒருநாள் வாசலில் கூட்டமாகப் பேச்சுக் குரல்கள். எட்டிப் பார்த்தால் அப்பா. அவருடன் பஸ்ஸில் வந்தவர்களில் பாதிப் பேர் என் வீட்டைக் காட்டுவதற்காகக் கூடவே இறங்கி வந்திருந்தார்கள். ஒருவர் கையில் அப்பாவின் பை. இன்னொருவர் கையில் எனக்கென்று அவர் கொண்டுவந்த வாழைத்தார். என் மாமியார், எனக்கு முன்னால் ஒருநாளும் பல் தெரியச் சிரிக்காதவர், அப்பா சொன்ன எதற்கோ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் அடுப்படியில் நின்று கூனிக்குறுகிப் போனேன். சாயங்காலம் முதன்முதலாகக் கடலைப் பார்த்த அப்பா, “இம்புட்டுத் தண்ணியையும் இங்கயா வச்சிருக்கீங்க” என்று வலைக்காரர்களிடம் கேட்டு அவர்களையும் சிரிக்கவைத்தார். எப்போது ஊருக்குக் கிளம்புவார் என்று நான் பஸ் நேரத்தை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அறுபதுகளின் கடைசியில், ஒரு தை மாதத்தில் தந்தி வந்தது. மாரடைப்பு. பஸ் பிடித்து நான் திருக்கோகர்ணம் போய்ச் சேர்ந்தபோது மதியமாகிவிட்டது. கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். அம்மா தலைமாட்டில் இருந்தாள். என்னைக் கண்டதும் பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள், நானும் அழுதேன். வாசலில் பழைய பேண்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். பஞ்சர் ஒட்டப்போன கிளாரினெட்காரர்தான் பேச்சை ஆரம்பித்தார். யாரிடமென்று இல்லாமல், மெதுவாக.

“ஒரு தசராவுல டிரம்மு வாரு அறுந்துபோச்சு. தெருவு எறக்கத்துல டிரம்மு உருண்டு ஓடுது. ஊர்வலத்துல வந்த குருதையெல்லாம் மிரளுது. எங்களுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. இந்த மனுசன் பின்னாடியே ஓடுறாரு. பிடிக்கிறதுக்கு இல்லய்யா. எட்டுறப்பல்லாம் ஒரு அடி அடிக்கிறாரு. தாளம் தப்பல.”

யாரோ ஒருவருக்கு அடக்கமுடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. அது அடுத்தவரைத் தொற்றியது. வாசலில் தொடங்கிய சிரிப்பு கூடத்துக்குள் வந்தது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டு என்னவென்று கேட்டார்கள். அம்மாதான் பதில் சொன்னாள்.

“அன்னைக்கு வீட்டுக்கு வந்து எங்கிட்ட என்ன சொன்னாரு தெரியுமா? ‘என்னைய விட்டுட்டு டிரம்மு தனியா ஊர்வலம் போச்சுடி’ன்னாரு.” சொல்லிவிட்டு அம்மா சிரித்தாள். வாழ்நாளெல்லாம் அவரை ஏசிக்கொண்டிருந்த அம்மா, கண்ணீர் வழிய, தோள் குலுங்கச் சிரித்தாள்.

சாவு வீட்டில் சிரிப்பு. எனக்கு உடம்பு கூசியது. பழக்கம் என்னை எழுப்பிவிட்டது. தெருவில் போகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கதவைச் சாத்தப் போனேன். கதவில் கைவைத்தபோதுதான் தெருவைப் பார்த்தேன். அங்கே அவர்களும் நின்றிருந்தார்கள். குழாயடியில் அன்று என் காதுபடப் பேசிய பெண்ணும் இருந்தாள்; வயதாகியிருந்தாள். உள்ளே என்ன கதை என்று பக்கத்திலிருந்தவர் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் முகமும் மெல்ல விரிந்துகொண்டிருந்தது. அத்தனை வருஷமும் அவரைக் குறித்து நான் பட்ட வெட்கத்தில் இவர்களில் ஒருவருக்கும் பங்கு இருந்ததாகத் தெரியவில்லை. அது என் ஒருத்தியுடையதாகவே இருந்திருக்கிறது. அந்த நிமிஷம் எனக்கு வந்தது வேறு வெட்கம், என்னைக் குறித்தே. எனக்கு எண்பது வயது தாண்டிய பிறகும் அது குறையவில்லை.

“ஏண்டி அங்கிட்டே நிக்கிற? இங்கிட்டு வந்து ஒக்காரு” என்று அம்மா கூப்பிட்டாள்.

கதவை அப்படியே விட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சிரிக்க முயன்றேன். முகம் இளகவில்லை. கூடத்தில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிரிக்காமல் இருந்தது இரண்டே பேர். செத்துப்போன என் அப்பாவும் நானும்.