முட்டியில் சேர்ந்த அரிசி

குருநகரில் மீன்கூடை சுமந்து நடந்த மக்டலீனின் வாய்க்குப் பயப்படாதவர்கள் இல்லை. ஆனால் தபசுகாலம் தொடங்கிவிட்டால் அவள் வேறொருத்தி. நாற்பது நாளும் ஒருசந்தி. நடுப்பகலில் ஒருவேளைச் சோறு, அவ்வளவுதான். உண்ணாமல் விட்ட வேளைகளுக்குரிய அரிசியைப் பிடிபிடியாக ஒரு மண்முட்டியில் போட்டுவைப்பாள். பெரிய வெள்ளியன்று அது கோயில் கஞ்சிக்குப் போகும்.

எண்பத்தைந்தாம் ஆண்டு அந்த முட்டி வழக்கத்தைவிட வேகமாக நிறைந்தது. போரால் கடலில் மீன்பிடிக்கத் தடை இருந்த காலம். விடியப்புறம் களவாக வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போன அவள் கணவன் நீக்கிலாப்பிள்ளை பொழுதுபட்டும் திரும்பவில்லை. "மனிசன் வருமட்டும் எனக்குத் தண்ணிதான்" என்று மாதா சுரூபத்தின் முன் நேர்ந்துகொண்டு, அந்த ஒருவேளைச் சோற்றையும் விட்டாள் மக்டலீன்.

மூன்றாம் நாள் அயல்வீட்டுத் திரேசம்மா எட்டிப் பார்த்தாள்.

"எடி, நீ வத்துறாய், முட்டி பருக்குது. வாற மனிசன் உன்னையோ முட்டியையோ கட்டிப்பிடிக்கிறது?"

"வரட்டும். எதைக் கட்டிப்பிடிச்சாலும் சரி."

அன்று மத்தியானம் வேலிக்கு அப்பால் பிள்ளைகள் அழுதன. அது நீக்கிலாப்பிள்ளையின் தம்பி அடைக்கலநாதனின் வீடு. ஆழமில்லாத பரவைக்கடலில் கம்பு நட்டுக் களங்கண்டி வலை கட்டும் இடத்துக்காக அண்ணனும் தம்பியும் அடித்துக்கொண்டு நாலு வருஷம். "உந்த வேலிப் படலையைத் தாண்டினால் அந்தோனியார் என்ரை காலை முறிக்கட்டும்" என்று அந்தச் சண்டையன்று சத்தியம் செய்தவள் மக்டலீன்.

அவள் செபமாலையை உரத்துச் சொன்னாள். பசி அழுகை அதைவிட உரத்தது. மணிகள் விரலில் நின்றுவிட்டன. தன் பசியைக் கடவுளுக்குக் கொடுத்துவிட்டதாக அவள் நினைத்திருந்தாள். அந்தச் சின்னஞ்சிறுசுகளின் பசியை யார், யாருக்குக் கொடுத்தது? முட்டி மூலையில் நிறைந்து கிடந்தது.

"அந்தோனியாரே, கால்தானே? எடுத்துக்கொள்ளும்" என்று முணுமுணுத்தபடி முட்டியைத் தூக்கிக்கொண்டு படலையைத் தாண்டினாள்.

அடைக்கலநாதனின் மனைவி இராசாத்தி, எரியாத அடுப்பின் முன் உதடு வெடித்துக் கிடந்தாள்.

"பிள்ளையளுக்கு இதை வடி. நீயும் தின்."

"நான் தின்னன் அக்கா. உங்கடை மனிசன் வருமட்டும் நானும் தண்ணிதான்."

மக்டலீன் முட்டியை இறக்கிவைத்தாள். "உன்ரை மனிசன் எங்கை?"

"அண்ணையைத் தேடி முந்தநாளே வள்ளம் எடுத்திட்டார். உங்களிட்டைச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை."

வேலிக்கு இந்தப்பக்கம் ஒருத்தி, அந்தப்பக்கம் ஒருத்தி. மூன்று நாளாக ஒரே மனிதனுக்காக இரண்டு வயிறுகள் காய்ந்திருக்கின்றன! மக்டலீன் வாய்விட்டு அழுதாள். பிறகு தானே அடுப்பை மூட்டி, பிள்ளைகளுக்குத் தன் கையால் ஊட்டினாள். பெண்கள் இருவரும் ஒரே செம்பில் தண்ணீர் குடித்தார்கள்.

ஐந்தாம் நாள் அடைக்கலநாதன் வந்தான். அவன் வள்ளத்துக்குப் பின்னால் அண்ணனின் வள்ளம் கட்டப்பட்டிருந்தது. அதில் ஆளில்லை.

மக்டலீன் போட்ட கூக்குரலில் கரையே எழுந்து வந்தது. சனமெல்லாம் கலைந்த பிறகும் அவன் அவள் படலைக்கு வெளியே வெயிலில் நின்றான். கண் உள்ளே போய், உடம்பெல்லாம் உப்புப் பூத்திருந்தது.

"மச்சாள்... நான் இன்னும் கொஞ்சத் தூரம் போய்ப் பாத்திருக்கலாம்."

மக்டலீன் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"தம்பி, உள்ளுக்கு வா. பிள்ளையளுக்கு வைச்ச கஞ்சி ஆறுது."

"நீங்கள் குடிச்சால்தான் நான் குடிப்பன்."

மனிசன் வருமட்டும் என்று நேர்ந்தவள் அவள். மாதா சுரூபத்தைப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு கண்ணீரோடு முதல் வாய்க் கஞ்சியைக் குடித்துவிட்டு, கோப்பையை அவனிடம் நீட்டினாள்.

அந்தப் பெரிய வெள்ளிக்குக் கோயிலுக்குக் கொடுக்க, முட்டியில் ஒரு பிடி அரிசியும் இருக்கவில்லை.